அளக்காத மடவை

என் தம்பி திருமலைக்கு வெள்ளி மெடல் குடுத்தாங்க. மந்திரி கையால குடுத்தாங்க. மாலயப் போட்டு, போட்டோ புடிச்சி, பேப்பர்லகூடப் போட்டாங்க. அந்தப் பேப்பர எவளாவது இன்னிக்கி என்னாண்ட எடுத்துகினு வந்து, "உன் தம்பியப் பாரு மங்கம்மா, இன்னா ஷோக்கா நிக்கிறான்"னு சொல்லட்டும், வாயிலயே போடுவேன். பெருமப்பட்டது போதும்பா சாமி.

கேக்கறதுன்னா முழுசாக் கேளு. நடுவுல உச்சு கொட்டாத, எனக்குப் புடிக்காது.

எங்க குப்பம் எண்ணூர் கழி ஓரத்துல கீது. ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்கிற எடம். எம்புருசன் கடலுக்கும் போவாரு, கழியிலயும் வல போடுவாரு. ஐப்பசி கார்த்திகல கடலு கொந்தளிக்கும், கட்டமரம் எறக்க முடியாது. அப்போ கழிதான் எங்களுக்குச் சோறு. கழி இல்லன்னா மழகாலத்துல வயித்துல ஈரத்துணியக் கட்டிகினு படுக்க வேண்டியதுதான். இத்த நீ மனசுல வெச்சிக்க, மத்ததெல்லாம் தானா புரியும்.

திருமலை எனக்கு அப்பால பொறந்தவன். எங்க நைனா கடல்ல செத்துப்பூட்டப்போ அவன் பொடிசு. புள்ள படிக்கிறான், புத்திசாலின்னு எங்க நாட்டாரு தாமோதரன் மாமா, அதான் குப்பத்துக்குப் பெரிய மனுசன், அவருதான் கையப் புடிச்சி இட்டுகினு போயி ராயபுரத்துல ஒரு ஹாஸ்டல்ல சேத்தாரு. அங்கயே வளந்தான். லீவுக்கு வருவான், போவான். காலேஜு முடிச்சி, மீனப் பத்தியே பெரிய படிப்பு படிச்சான். "மீன் குஞ்சுக்கு நீச்சல் கத்துக் குடுத்து அதுக்கு ஒரு பட்டமா?"ன்னு நாங்க சிரிச்சோம். ஆனா உள்ளுக்குள்ள எம்மாம் சந்தோசம் தெரியுமா? எங்க குப்பத்துல இருந்து பேண்ட்டு போட்ட மொத ஆளு அவன்.

வெள்ளக்காரன் போனப்புறம் கழி ஓரத்துல ஒரு பங்களா சொம்மா கெடந்துச்சி. அதுல மீன் ஆராய்ச்சி ஆபீஸ் ஒண்ணு தொறந்தாங்க. அங்க திருமலைக்கு வேல கெடச்சிது. நெரந்தரம் இல்ல, வருசா வருசம் நீட்டிக் குடுக்கிற வேல. பெரிய தொர பேரு சங்கரநாராயணன். நல்ல மனுசன்தான், மூஞ்சி சுளிக்காம பேசுவாரு. ஒரு கூத்து சொல்றேன் கேளு. மீன் ஆபீஸ், ஆனா ஆபீஸ் மெஸ்ஸுல மீனு வாடையே வரக் கூடாது! சாம்பாரு, ரசம், அப்பளம். எந்தம்பியும் அத்தத் துன்னுட்டு அங்கயே ரூம்புல தங்கிக்குவான்.

அவன் வேல இன்னான்னா, தெனம் காலைல கரைக்கு வருவான். வல பிரிக்கிற எடத்துல ஒரு முக்காலி போட்டுக் குந்துவான். கைல கோடு போட்ட பலகை. மடவ மீன ஒண்ணு ஒண்ணா அதுமேல படுக்க வெச்சி அளப்பான், எழுதிக்குவான். ரெண்டு வருசம் மழயோ வெயிலோ நிக்காம வந்தான். பொம்பளைங்க டீ போட்டுக் குடுப்பாங்க. "நம்ம புள்ள வந்துட்டான், எடம் வுடு, எடம் வுடு"ன்னுவாங்க.

இப்போ வழக்கத்தச் சொல்லணும். எங்க பக்கத்துல உசுரு கீற எதையும் கோலு வெச்சி அளக்க மாட்டோம். கோலு எடுக்கிறது ஒரே ஒரு காரியத்துக்குத்தான், பொணத்துக்குக் குழி வெட்டறதுக்கு. சின்ன மீனு பரவால்ல, அதெல்லாம் சில்லற. ஆனா சினை வெச்ச தாய் மடவ கீதே, அது வேற. மழ பேஞ்சி முகத்துவாரம் ஒடஞ்சதும் அதுங்க கும்பலா கழிய வுட்டுக் கடலாண்ட போவும். வயித்துல வம்சத்தையே வெச்சிகினு போவுது. வலைல மாட்டினத எடுத்துக்குவோம், அது அம்மன் குடுத்தது. ஆனா எண்ண மாட்டோம், அளக்க மாட்டோம். தாய அளந்தா அடுத்த வருசம் கழிக்கு வராதுன்னு சொல்லுவாங்க. அதனால அளக்கறவன் கண்ணு படற எடத்துலயே வைக்க மாட்டாங்க. கூடை அடியில போட்டு, மேல ஈர சாக்கப் போத்தி, நேரா வண்ணாரப்பேட்டைக்குத் தூக்கிகினு பூடுவோம். அங்க வாடிக்க வூடுங்க கீது, வாசல்லயே வித்துப்பூடும்.

திருமலை குந்தியிருக்கறப்பவும் இதேதான். நானும் சாக்கப் போத்திகினு அவன் முன்னாடியே போவேன். அவனும் "யக்கா, வர்றியா"ன்னு கேப்பான், கூடையத் தொறக்கச் சொல்ல மாட்டான். அவனுக்கு வழக்கம் தெரியும், மரியாதையா கேக்காம வுடறான்னு நாங்க நெனச்சோம். இந்தத் தண்ணில பொறந்தவனுக்குத் தெரியாதா இன்னான்னு நெனச்சோம். ஆனா அவன் இன்னா நெனச்சிகினு இருந்தான்? நம்ம ஜனம், நம்மாண்ட எத்தையும் மறைக்காதுன்னு நெனச்சான். ரெண்டு பக்கமும் பாசந்தான். பாசத்துல நாசமாப் போனோம்.

ஐப்பசி மாசம், தீவாளிக்கு முன்னாடி சேதி வந்துச்சி. முப்பது வயசுக்குள்ள கீற விஞ்ஞானிங்கள்ல நல்லா வேல செஞ்சவங்களுக்கு ஆபீஸ்ல மெடல் குடுக்கறாங்களாம், அதுல திருமலை பேரு கீதாம். குப்பமே ஆடிப்பூட்டுச்சி. ஞாயித்துக்கெழம என் வூட்ல விருந்து வெச்சேன். அவன்கூட ஐரீனும் வந்தா. ராயபுரத்துப் பொண்ணு, வேதக்கார வூடு, ஆபீஸ்ல மீன் படம் வரையறவ. அவ ஒரு மீன வரஞ்சா செதிலு செதிலா நம்ம கையில ஒட்டற மாதிரி இருக்கும்.

நாட்டாரு மாமாவும் அவரு பொஞ்சாதி முத்தம்மா அக்காவும் வந்தாங்க. மாமா கைல ஈர சாக்கு. பிரிச்சாரு. தாய் மடவ, என் கை நீளம். வயிறு சினைல பொதபொதன்னு கீது.

"மெடல் வாங்கப் போற புள்ளைக்கு வேற இன்னாத்தக் குடுக்கிறது? வறு மங்கம்மா"ன்னாரு.

மீனக் கொழம்பு வெச்சேன். சினையத் தனியா எடுத்து மஞ்சா மொளகாத்தூள் தடவி வறுத்தேன். வாசன தெரு முழுக்க அடிக்குது. எல போட்டு, மொத மொத திருமலைக்குத்தான் வெச்சேன், ரெண்டு சினையில பெருசா கீறத.

அவன் சோத்தப் பெசஞ்சிகினு இருந்தவன் அப்டியே நின்னுட்டான். ஐரீனும் எலயப் பாக்குறா, அவன் மூஞ்சியப் பாக்குறா.

"யக்கா, இது எங்க வாங்கின?"

"வாங்கறதா? மாமா வலைல வந்தது. நம்ம கழிதான்."

"நம்ம கழியிலயா?"

மாமா சிரிக்கிறாரு. "பின்ன கூவத்துலயா நைனா? இந்த வருசம் தாயி நல்லா போவுது. அம்மன் கண்ணத் தொறந்துட்டா."

"எத்தினி வந்துச்சி?"

"சீ, தாய எண்ணுவாங்களாடா?"ன்னா முத்தம்மா அக்கா.

திருமலை எலயத் தள்ளி வெச்சான். "ரெண்டு வருசம். ரெண்டு வருசமா தெனம் உங்க எதுர்லயே குந்திகினு கீறேன். ஒரே ஒரு தாய் மீனக்கூட எனக்கு ஏன் காட்டல?"

"நீ பலகையோட வந்து குந்தினா எப்டிறா காட்றது?"ன்னேன் நான். "உனக்குத் தெரியாதா இன்னா?"

அவன் தல ஆடிச்சி. தெரியாதுன்னு ஆடிச்சா, தெரியும் மறந்துட்டேன்னு ஆடிச்சா, அது எனக்கு இன்னிக்கும் தெரியாது. ஐரீன்தான் சொன்னா.

"அக்கா, இவரு எழுதினதே அதான். இந்தக் கழியில இப்போ தாய் மடவையே இல்ல, ஜனங்க குஞ்சு மீனா புடிச்சிப் புடிச்சி அழிச்சிட்டாங்க, கழிய மூடினாத்தான் மீன் பொழைக்கும்னு எழுதியிருக்காரு. அதுக்குத்தான் மெடலு. மெடல் குடுத்தப்புறம் சர்க்கார் கழிய மூடப் போவுது."

ஊரான் வந்து எழுதியிருந்தாக் கல்லால அடிச்சித் தொரத்தியிருப்போம். எங்கூட்டு எலயில சோறு துன்றவன் எழுதிகீறான்!

மாமாதான் மொதல்ல தெளிஞ்சாரு. "சரி வுடு. தப்பு நடந்துபோச்சி. நீ நாளைக்கே உங்க தொராண்ட போயி, தப்பா எழுதிட்டேன், தாயி வருதுன்னு சொல்லிடு. உன் வாய்ச்சொல்லுக்கு மேல இன்னா வேணும்?"

"சொல்றேன் மாமா. மெடலும் வேணாம், ஒண்ணும் வேணாம்"னான் திருமலை. கண்ணுல தண்ணி. அப்போ அவன் நெஜமாத்தான் சொன்னான். அத்த நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்.

மறுநாளு நானும் கூடப் போனேன். சங்கரநாராயணன் ஐயா எனக்கும் நாற்காலி போடச் சொன்னாரு. திருமலை தலயக் குனிஞ்சிகினு எல்லாத்தையும் சொன்னான். ஐயா குறுக்க பேசாமக் கேட்டாரு. கேட்டுட்டு ஜன்னல் வழியா கழியப் பாத்தாரு.

"திருமலை, நீ சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் நான் நம்பி என்ன பயன்? நீ அந்தக் குப்பத்துப் பிள்ளை. இப்போது போய் மீன் இருக்கிறது என்று நீ சொன்னால், சொந்த ஜனத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்றுதான் மேலே நினைப்பார்கள்."

"இவன் வேற இன்னா பண்ணணும் சாமி?"ன்னு நான் கேட்டேன்.

"மீனைக் கொண்டு வாருங்கள் அம்மா. கழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. தினம் பிடிபடும் தாய் மீன்களை இங்கே கொண்டு வந்து அளக்க விடுங்கள். பத்து நாள் அளவு கையில் இருந்தால் போதும், விழாவை நானே நிறுத்துகிறேன். வெறும் வாய்ப்பேச்சை வைத்துக்கொண்டு என்னால் ஒன்றும் செய்ய முடியாது."

ஞாயந்தானே? எனக்கு ஞாயமாத்தான் பட்டுச்சி. குப்பத்துக்கு ஓடியாந்தேன். அம்மன் கோயிலாண்ட எல்லாரையும் கூட்டி வெச்சிச் சொன்னேன். அளக்க வுடுங்க, பத்து நாளுதான், கழி பொழச்சிக்கும்னு சொன்னேன்.

முத்தம்மா அக்கா எழுந்தா பாரு! "இன்னாடி பேசற? தாயக் கொண்டுபோயி குழிக்கோலு மாதிரி கீற பலகைல படுக்க வைக்கிறதா? கழிய மூடினாக்கூட என்னிக்காவது தொறப்பான். தாயி கோவிச்சிகினு பூட்டா எவன்டி இட்டுகினு வருவான்? உந்தம்பி மெடலுக்கு எங்க வம்சத்த அறுப்பியா?"

"மெடலுக்கு இல்லக்கா, மெடல் வேணாம்னுதான் அவன் சொல்றான்!"

"வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டு வரட்டும். நம்ம புள்ள சொல்றத ஒரு ஆபீஸரு கேக்க மாட்டானா? அப்போ இன்னாத்துக்குப் படிக்க வெச்சோம்?"

எல்லாப் பொம்பளைங்களும் அவ பக்கம். நாட்டாரு மாமா வாயத் தொறக்கல, பொஞ்சாதிக்குப் பயம், அம்மனுக்கும் பயம். என்னாலயும் ஒரேடியா மல்லுக்கட்ட முடியல. ஏன்னா எனக்கும் பயந்தான். என் வூட்டுக்காரரு அந்தத் தண்ணிலதான் எறங்குறாரு.

திரும்பிப் போயி திருமலையாண்ட சொன்னேன், "குடுக்க மாட்டாங்களாம்டா. நீயே வந்து கேளு. காலுல வுழு. உன் மூஞ்சிக்குக் குடுப்பாங்க"ன்னேன்.

அவன் கேட்டுகினு இருந்தான். அப்போ அவன் மூஞ்சில ஒண்ணு ஓடிச்சி. கூடையத் தலயில இருந்து எறக்கினவ மூஞ்சில ஓடுமே, அப்பாடான்னு, அது. கூடப் பொறந்தவ கண்ணுக்கு அது தப்புமா? அவன் வரல. "அவங்களே குடுக்க மாட்டேன்றப்போ நான் இன்னாக்கா பண்றது? மெடல வாங்கிகினா வேல நெரந்தரமாவும். அப்பால உள்ள இருந்துகினே எல்லாத்தையும் சரி பண்ணிடுவேன். வெளிய நின்னு கத்தினா எவன் கேப்பான்?"னான்.

"டேய், கழி மூடிடுவாங்கடா!"

"மூடினா தொறக்க வெக்கிறேன்."

"யாராண்ட டபாய்க்கிற?"ன்னு கேட்டுட்டு வந்துட்டேன்.

விழா அன்னிக்கி பங்களா முன்னாடி ஷாமியானா போட்டிருந்தாங்க. எங்க ஜனத்துக்குக் கயித்துக்கு வெளிய மணல்ல எடம். ஒரு பையனுக்கு சிப்பியப் பத்தி எழுதினதுக்கு மெடலு, இன்னொருத்தனுக்குக் கடல்பாசிக்கு. மூணாவது திருமலை. அவனக் கூப்பிட்டப்போ சங்கரநாராயணன் ஐயா மைக்ல சொல்றாரு, "இந்த இளைஞர் மீனவர் குடும்பத்திலேயே பிறந்தவர். தம் சொந்த மக்களிடையே அமர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆராய்ந்து இந்த முடிவைச் சொல்லியிருக்கிறார். இதைவிட நம்பகமான சாட்சி நமக்கு வேறு வேண்டுமா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சி. மீன் இல்லன்னு சொன்னா, குப்பத்துப் புள்ள, நம்பலாம். மீன் கீதுன்னு சொன்னா, குப்பத்துப் புள்ள, நம்பக் கூடாது. இது இன்னா ஞாயம்டா! எழுந்து கத்தப் போனேன், எம்புருசன் புடவையப் புடிச்சி இழுத்துக் குந்த வெச்சிட்டாரு.

மந்திரி மெடலக் குத்தினாரு. திருமலை இங்கிலீஷ்ல பேசினான். பக்கத்துல ஐரீன் எங்களோட வந்து மணல்ல குந்தியிருந்தா. "இன்னா சொல்றான்?"னு கேட்டேன். "நன்றி சொல்றாருக்கா. எல்லாருக்கும் நன்றி சொல்றாரு"ன்னா. தாய் மடவையப் பத்தி ஒரு வார்த்தயாவது வருமான்னு நான் அவ வாயவே பாத்துகினு இருந்தேன். வரல. கடசில எங்க பக்கம் கையக் காட்டி ஏதோ சொன்னான். எல்லாரும் திரும்பி எங்களப் பாத்துக் கை தட்டுனாங்க. முத்தம்மா அக்காவும் கை தட்டுனா, பாவம், நம்ம புள்ள சொல்லிட்டான்னு நெனச்சிகினா.

கார்த்திக பொறந்ததும் தண்டோரா. எண்ணூர் கழியில யாரும் வல போடக் கூடாது, தூண்டி போடக் கூடாது, மறு உத்தரவு வர்ற வரைக்கும். மீறினா வல பறிமுதல். மூங்கில நட்டு செவப்புத் துணி கட்டிட்டாங்க. கடலு அந்தப் பக்கம் ஒரே ஆட்டம், இந்தப் பக்கம் கழி மூடிப்போச்சி. ரெண்டு தண்ணிக்கு நடுவுல குந்திகினு கஞ்சிக்கு அழுதோம். ஆம்பளைங்க கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டுக்கு மூட்ட தூக்கப் போனாங்க. எம்புருசனும் போனாரு. கடல்ல அல எகிறினா அசையாத மனுசன், மூட்ட தூக்கி முதுகு தோலு உரிஞ்சி வந்து கொழந்த மாதிரி குப்புறப் படுத்துக்குவாரு. எண்ண தடவறப்போ எனக்கு வயிறு எரியும்.

மெடல் வாங்கின கையோட திருமலைக்கு வேலய நெரந்தரம் பண்ணிட்டாங்க. கழிக்குப் பொறுப்பு ஆபீஸரா அவனையே போட்டாங்க. ஜனங்களோட பாஷ தெரிஞ்சவனாம்.

மழ வுடாமப் பேஞ்சிது. தண்ணிக்குள்ள தாயி கும்பல் கும்பலா போறது கரையில இருந்தே தெரியுது, முதுகு முதுகா மினுக்குது. வல காயுது. ஒரு நாள் நாட்டாரு மாமா மறுபடி கோயிலாண்ட கூட்டம் போட்டாரு. "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா, மொழம் இன்னா? தாயப் புடிப்போம். பட்டப்பகல்ல புடிப்போம். கொண்டுபோயி அவன் எதுர்ல வைப்போம். அளக்கட்டும். அம்மன் கேட்டா என் தலைய எடுத்துக்கட்டும்"னாரு.

யாரும் எதுத்துப் பேசல. முத்தம்மா அக்கா மட்டும் அம்மன் முன்னாடி மண்ணுல வுழுந்து பொரண்டு அழுதா. "ஆத்தா, எம்புள்ளைங்க பசிக்குதுன்னு அழுவுது, மன்னிச்சிக்க"ன்னு கன்னத்துல போட்டுகினா. அப்பால எழுந்து, மூஞ்சியத் தொடச்சிகினு, மொத கூடைய அவதான் தூக்கினா.

காலைல வல போட்டாங்க. எட்டு கூடை வந்துச்சி. ஆமா, எண்ணினோம். எல்லாத்தையும்தான் வுட்டுட்டோமே. பொம்பளைங்க தலயில கூடையோட, சாக்கு மூடாம, ரோட்டுல எல்லாரும் பாக்கப் பங்களாவுக்குப் போனோம். வராண்டா சிமிட்டித் தரைல வரிசையாக் கொட்டினோம். சில மீனு இன்னும் வாலத் தட்டிகினு கெடந்துச்சி. முத்தம்மா அக்கா மண்டி போட்டு, மஞ்சத் தண்ணியத் தெளிச்சி, ஒவ்வொண்ணையும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறா.

சங்கரநாராயணன் ஐயா டெல்லிக்குப் போயிருந்தாரு. உள்ள இருந்து திருமலை வந்தான். பேண்ட்டு, ஷூ, சட்டப் பையில பேனா. பின்னாடியே ஐரீன். அவ மீனப் பாத்ததும் "ஏசுவே!"ன்னு நெஞ்சில கை வெச்சிகினா. ஓடிப்போயி பேப்பரு பென்சிலு எடுத்துகினு வந்து தரைல குந்தி வரைய ஆரம்பிச்சிட்டா.

"அளடா"ன்னேன். "உனக்கு இன்னா வேணுமோ எல்லாம் கீது. பலகைய எடு. அளடா திருமலை."

அவன் குனிஞ்சான். ஒரு மீனு வயித்த விரலால லேசா அமுக்கினான். மஞ்சளா சினை எட்டிப் பாத்துச்சி. அத்தயே பாத்துகினு இருந்தான். மனசு எளகிடுச்சி, எந்தம்பி எனக்குத் திரும்பக் கெடச்சிட்டான்னு நெனச்சேன் நான், பைத்தியக்காரி. சத்தியமா நெனச்சேன்.

அவன் நிமிந்தான். கையக் கர்ச்சீப்புல தொடச்சான்.

"ஐரீன், நீங்க உள்ள போங்க."

அவ எழுந்திருக்கல. அவன் எங்களப் பாத்தான். எங்க பாஷைல பேசல, ஆபீஸ் பாஷைல பேசறான். "தடை செய்யப்பட்ட கழியில் பிடித்த மீனை நாங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. அப்படி அளந்தால் அந்த அளவு செல்லாது. இதை நீங்கள் இங்கே கொண்டு வந்ததே தப்பு. போலீசுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. நான் சொல்லவில்லை. சீக்கிரம் எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்."

நாட்டாரு மாமா கையெடுத்துக் கும்பிட்டாரு. அவனப் பாத்து! அவன் கையப் புடிச்சி ராயபுரத்துக்கு இட்டுகினு போன மனுசன், அவன் எதுர்ல கும்பிட்டுகினு நிக்கிறாரு. பேச வாய் வரல.

எனக்கு வந்துச்சி. கிட்டப் போனேன். "டேய், நான் படிக்காதவ. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இத்த அளக்க மாட்டே. அப்போ எந்த மீன அளப்ப?"

"கழி தொறந்தப்புறம் மொறையாப் புடிக்கிற மீனக்கா."

"கழிய எப்போ தொறப்பீங்க?"

"தாய் மீன் வருதுன்னு அளந்து காட்டினப்புறம்."

சொல்லிட்டு ஒரு நிமிசம் என்னயப் பாத்தான். தான் சொன்னது தன் காதுல வுழுந்துச்சோ இன்னாவோ. அப்பால திரும்பி உள்ள பூட்டான், கதவச் சாத்திகினான்.

முத்தம்மா அக்கா இன்னும் மண்டி போட்டுகினுதான் இருந்தா. மீனக் கும்பிட்டுகினே இருந்தவளுக்கு எதுவும் காதுல ஏறல. என் புடவையப் புடிச்சி இழுத்தா.

"இன்னா மங்கம்மா சொல்றான்? பலகை எடுத்துகினு வரப் போயிகீறானா?"